உங்களுக்குத் தெரியுமா? கொலைக்கு நடுவே எட்டுப் பாட்டு!

1950-களின் பிரான்ஸ். கிறிஸ்துமஸ் சமயம். பனி மூடிய மாளிகையில் வீட்டுத் தலைவர் முதுகில் கத்தி பாய்ந்து கிடக்கிறார். தொலைபேசிக் கம்பி அறுந்திருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் எட்டுப் பெண்கள். கொலைகாரி அவர்களில் ஒருத்தியா?

பிரான்சுவா ஓசோன் 2002-இல் இயக்கிய 'எட்டுப் பெண்கள்' படத்தின் கதை இது. மூலம், ராபேர் தோமாவின் மேடை நாடகம். விசாரணை சூடு பிடிக்கும் நேரம் பார்த்து ஒருத்தி எழுந்து பாட ஆரம்பித்துவிடுவாள்! ஆளுக்கு ஒரு பாட்டு. எல்லாமே பிரெஞ்சு ரசிகர்கள் ஏற்கெனவே கேட்டுப் பழகிய பழைய பாடல்கள். பாடியதும் அந்த நடிகைகளேதான்.

கண்ணைப் பறிக்கும் உடைகள், வேண்டுமென்றே கூட்டிய நாடகத்தனம், தரைவிரிப்பில் உருண்டு புரண்டு சண்டை போடும் காத்ரின் தெனேவும் ஃபானி ஆர்தானும்! படத்தின் உயிரே இந்த மிகைதான். ஆனால், சிடுசிடுவென்று எரிந்து விழும் சித்தியாக வரும் இசபெல் உப்பேர் பியானோ முன் அமர்ந்து பாடும்போது, சிரித்துக்கொண்டிருந்த நமக்குத் தொண்டை அடைக்கிறது.

தெனேவின் அம்மாவாக வருபவர் டானியேல் தாரியூ. 1967-இல் வந்த 'ரோஷ்ஃபோர்ட்டின் இளம்பெண்கள்' என்ற இசைப்படத்திலும் இவர்கள் தாயும் மகளும்தான்.

பெர்லின் திரைப்பட விழா வெள்ளிக் கரடி விருதை எட்டுப் பேருக்கும் சேர்த்தே வழங்கியது. தகுதியான விருது. முடிவை யாரிடமும் கேட்டுவிடாமல் பாருங்கள்!