மண்டேன்னா கடுப்பு, ஃப்ரைடேன்னா குஷி... கிழமைப் பாடல்களுக்குப் பின்னால் இவ்வளவு கதையா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. வெளியே நல்ல வெளிச்சம்தான். ஆனா, மனசுக்குள்ள மட்டும் லேசா இருட்ட ஆரம்பிக்கும். 'ஐயோ, நாளைக்கு மண்டே!' இது உங்களுக்கு மட்டும் வர்ற ஃபீலிங் இல்லை பாஸ். இந்த ஒரு ஃபீலிங்கை வெச்சே இங்கிலீஷ் பாப் உலகம் ஏகப்பட்ட ஹிட்ஸ் கொடுத்திருக்கு.

திங்கள்: இளவரசன் கொடுத்த பாட்டு

அலாரம் அடித்தும் எழுந்திருக்க முடியாமல், வேலைக்கு லேட்டாகி ஓடும் பெண்ணின் கதைதான் 'மேனிக் மண்டே'. 1986-ல் 'தி பேங்கிள்ஸ்' பெண்கள் குழு பாடியது. எழுதியவர் பாப் நட்சத்திரம் பிரின்ஸ். ஆனால், பாடலில் அவர் பெயர் இருக்காது. 'கிறிஸ்டோபர்' என்ற புனைபெயரில் கொடுத்திருந்தார். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. முதலிடத்தைத் தடுத்தது எது தெரியுமா? அதே பிரின்ஸ் பாடிய 'கிஸ்'!

ஸ்டேட்டஸ் போடும் முன்...

'ஐ டோன்ட் லைக் மண்டேஸ்'. மீம் முதல் டீ-ஷர்ட் வரை எல்லா இடத்திலும் பார்த்திருப்பீர்கள். 1979-ல் 'தி பூம்டவுன் ராட்ஸ்' குழு வெளியிட்டு, பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாடலின் தலைப்பு இது. ஆனால், இது வேலைக்குப் போகச் சலித்துக்கொண்டவர் எழுதியது இல்லை.

அதே வருடம் ஜனவரி 29, திங்கள்கிழமை. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், 16 வயதுப் பெண் ஒருவர் எதிரே இருந்த ஆரம்பப் பள்ளியை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார். தலைமை ஆசிரியரும் பள்ளி ஊழியரும் உயிரிழந்தனர். எட்டுக் குழந்தைகளும் ஒரு போலீஸ்காரரும் காயமடைந்தனர். 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்று கேட்டபோது அவர் சொன்ன காரணம்தான் பாடலின் தலைப்பானது. ரேடியோ பேட்டிக்காகச் சென்ற இடத்தில் இந்தச் செய்தியைப் பார்த்து அதிர்ந்துபோன பாடகர் பாப் கெல்டாஃப், அந்த அதிர்ச்சியையே பாட்டாக்கினார்.

வெள்ளி: சம்பள நாள் சந்தோஷம்

வெள்ளிக்கிழமைக்கு இவ்வளவு மவுசு வரக் காரணம், வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்ற முறை. ஹென்றி ஃபோர்டு 1926-லேயே தன் தொழிற்சாலைகளில் இதைக் கொண்டுவந்துவிட்டார். மேலை நாடுகளில் பல தொழிலாளர்களுக்கு வாரச் சம்பளம் கிடைப்பதும் வெள்ளியன்றுதான். அதுக்காக ஏங்கும் உழைப்பாளியின் குரல்தான், ஆஸ்திரேலியாவின் 'தி ஈஸிபீட்ஸ்' குழு 1966-ல் பாடிய 'ஃப்ரைடே ஆன் மை மைண்ட்'.

1992-ல் வந்த 'ஃப்ரைடே ஐ'ம் இன் லவ்', 'தி க்யூர்' குழுவின் பெரிய ஹிட். மெட்டு ரொம்ப ஈஸியா வந்துட்டதால, 'எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே... தெரியாம சுட்டுட்டோமோ' என்று பாடகர் ராபர்ட் ஸ்மித்துக்கே டவுட். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, வாசித்துக் காட்டிக் கேட்டிருக்கிறார்!

2011-ல் ரெபெக்கா பிளாக் பாடிய 'ஃப்ரைடே' யூடியூபில் வைரலானது. நேற்று வியாழன், இன்று வெள்ளி என்று வரிசை சொல்லும் அந்தப் பாடலை உலகமே கலாய்த்தது. அப்போது அவருக்கு வயது 13. கொலை மிரட்டல் வரை போனது. ஆனால், அவர் பாடுவதை நிறுத்தவில்லை. பத்தாவது ஆண்டில், 2021-ல், அதே பாடலை ரீமிக்ஸ் செய்து வெளியிட்டார். இதுல யார் ஜெயிச்சாங்கன்னு நீங்களே சொல்லுங்க.

ஞாயிறு: லீவு நாளின் ரத்தம்

1972 ஜனவரி 30, ஞாயிறு. வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள் மீது பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதில், அன்றே 13 பேர் இறந்தனர். அந்த நாளை நினைவில் வைத்து 'யு2' குழு 1983-ல் கொடுத்ததுதான் 'சண்டே பிளடி சண்டே'. 'இது கலகப் பாட்டு இல்லை' என்று மேடையிலேயே சொல்லிவிட்டுப் பாடுவார் பாடகர் போனோ. பழிவாங்கச் சொல்லும் பாட்டு இல்லை, வன்முறை போதும் என்று கெஞ்சும் பாட்டு.

புதனும் வியாழனும்தான் பாவம். ஹிட் பாடல்களில் அவற்றுக்குக் கிடைத்த இடம் ரொம்பக் கம்மி. வாரத்தின் நடுவில் இருப்பவர்களை யார்தான் கண்டுக்கிறாங்க?

அடுத்த மண்டே காலையில ஸ்டேட்டஸ் வைக்கும்போது 'மேனிக் மண்டே'வைத் தாராளமா வைங்க. இன்னொண்ணை வைக்கிறதா இருந்தா, அந்தப் பள்ளிக்கூடத்தை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.