பழைய லென்ஸ், புதிய காமிரா: பணம் கொடுக்கும் முன் ஒரு கணக்கு

சரக்கைக் கையில் எடுத்துக் காட்டி விற்றது போய், படத்தில் காட்டி விற்பதும் இன்று வியாபாரத்தில் ஒரு பகுதியாகிவிட்டது. மொத்த வியாபாரி விலைப்பட்டியலோடு பருப்பு, வற்றல், வெல்லம் ஆகியவற்றின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். சில்லறைக் கடைக்காரர் பண்டிகைக்கு முன் வந்த புதுச் சரக்கை வாடிக்கையாளருக்குப் படம் பிடித்து அனுப்புகிறார். பெரும்பாலும் கைப்பேசியே இதற்குப் போதும். ஆயினும் சொந்தமாகப் பொட்டலமிட்டு விற்பவர்களும், இணையத்தில் பொருள் பட்டியல் போடுபவர்களும் தனியாக ஒரு மிரர்லெஸ் காமிரா வாங்கி வைத்துக்கொள்வது உண்டு.

அப்படி வாங்கியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "பிலிம் காலத்துக் காமிராவும் லென்ஸும் வீட்டு அலமாரியில் கிடக்கின்றன. அந்த லென்ஸைப் புதுக் காமிராவில் மாட்ட முடியுமா? பழைய லென்ஸ் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா?" மாட்ட முடியும். ஆனால் எந்த வேலைக்கு அது உதவும், எதற்கு உதவாது என்று தெரியாமல் வாங்கினால் போட்ட முதல் முடங்கிவிடும்.

ஃபுல் பிரேம், கிராப் என்றால் என்ன?

பழைய 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அளவு 36 மி.மீ. நீளம், 24 மி.மீ. உயரம். இதே அளவுள்ள சென்சாரைத்தான் ஃபுல் பிரேம் என்கிறார்கள். நடுத்தர விலையில் கிடைக்கும் பல மிரர்லெஸ் காமிராக்களில் இதைவிடச் சிறிய சென்சார் இருக்கிறது. சோனி, ஃபியூஜி, நிக்கான் நிறுவனங்களின் கிராப் காமிராக்களில் அது ஏறத்தாழ 23.5 மி.மீ.க்கு 15.6 மி.மீ.; கேனனில் இன்னும் சற்றுச் சிறியது.

பரப்பைக் கணக்கிட்டால் ஃபுல் பிரேம் 864 சதுர மி.மீ., கிராப் சென்சார் சுமார் 367 சதுர மி.மீ. அதாவது ஐந்தில் இரண்டு பங்குதான். பழைய லென்ஸ் முழுப் பரப்புக்கும் ஒளியைக் கொடுக்கிறது. சிறிய சென்சார் அதன் நடுப் பகுதியை மட்டும் வாங்கிக்கொள்கிறது. ஓரத்தில் விழும் ஒளி வீணாகிறது. இதில் ஒரு லாபமும் உண்டு. பெரும்பாலான பழைய லென்ஸ்களில் ஓரத்தைவிட நடுப் பகுதியே தெளிவானது. கிராப் காமிரா அந்தத் தெளிவான பகுதியைத்தான் பயன்படுத்துகிறது.

50 மி.மீ. லென்ஸ் 75 ஆகிவிடுமா?

"இந்த 50 மி.மீ. லென்ஸ் உங்கள் காமிராவில் 75 மி.மீ. ஆகிவிடும்" என்று விற்பவர் சொல்வார். ஒன்றரையால் பெருக்கிச் சொல்லும் இந்தப் பேச்சு பாதிதான் சரி. லென்ஸ் எங்கே மாட்டினாலும் 50 மி.மீ. லென்ஸ்தான். அது உள்ளே விடும் ஒளியின் அளவும் மாறாது. எஃப் 2 என்றால் எஃப் 2 தான். படத்தில் அடங்கும் பரப்பு மட்டுமே குறைகிறது. அந்தக் குறைவு, ஃபுல் பிரேமில் 75 மி.மீ. லென்ஸ் மாட்டியதற்குச் சமம்.

இதை நம் கடைக் கணக்கில் பார்ப்போம். உங்கள் கடை முகப்பு 10 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். முகப்பு முழுவதும் ஒரே படத்தில் விழ, எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும்?

ஃபுல் பிரேம் காமிராவில் 50 மி.மீ. லென்ஸ்: சுமார் 14 அடி.
கிராப் காமிராவில் அதே 50 மி.மீ. லென்ஸ்: சுமார் 21 அடி.
கிராப் காமிராவில் பழைய 28 மி.மீ. லென்ஸ்: சுமார் 12 அடி.
கிராப் காமிராவில் 18 மி.மீ. லென்ஸ்: 8 அடிக்கும் குறைவு.

நெரிசலான கடைவீதியில் 21 அடி பின்னால் போக எங்கே இடம்? எதிர்க்கடைக்குள் நின்றுதான் எடுக்க வேண்டும். கடையின் உட்புறத்தை எடுப்பது அதைவிடச் சிரமம். ஆகவே கடையையும் கிடங்கையும் படம் எடுக்கப் பழைய 50 மி.மீ. லென்ஸ் வாங்குவது வீண் செலவு. காமிராவுடன் சேர்த்து விற்கப்படும் சாதாரண ஜூம் லென்ஸில் 16 அல்லது 18 மி.மீ. இருக்கும். அந்த வேலைக்கு அதுவே சரியானது.

சரக்குப் படத்துக்கு ஏற்றது

அதே லென்ஸ் ஒரு பொட்டலத்தையோ ஒரு தட்டுப் பருப்பையோ எடுப்பதற்கு மிகவும் பொருத்தமானது. ஓரடி உயரமுள்ள பொட்டலத்தைக் காமிராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தால், சுமார் இரண்டரை அடி தூரத்தில் படச் சட்டம் நிறையும். அந்தத் தூரத்திலிருந்து எடுக்கும்போது, மிக அருகில் வைத்து எடுக்கும் படங்களில் வருவதுபோல் பொட்டலத்தின் முன்பக்கம் வீங்கித் தெரியாது. பின்னால் உள்ள வேண்டாத பொருள்களும் சட்டத்துக்குள் வராது.

பழைய 50 மி.மீ. லென்ஸ்கள் பலவும் 45 செ.மீ. வரை கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும். அப்போது கிராப் காமிராவில் சுமார் 16 செ.மீ.க்கு 10 செ.மீ. பரப்பு படத்தில் நிறையும். மிளகு, ஏலக்காயை இன்னும் நெருக்கமாகக் காட்ட வேண்டுமானால் லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் வளையம் ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

அப்பர்ச்சரை முழுவதும் திறந்து எடுக்கும் ஆசையைத் தவிர்க்க வேண்டும். மேலே சொன்ன இரண்டரை அடி தூரத்தில் எஃப் 2 வைத்தால், சுமார் ஒன்றரை செ.மீ. ஆழம்தான் தெளிவாக இருக்கும். லேபிளின் எழுத்து தெரியும். பொட்டலத்தின் பக்கம் கலங்கிப் போகும். எஃப் 8 வைத்தால் ஐந்து, ஆறு செ.மீ. ஆழம் கிடைக்கும். அப்போது உள்ளே வரும் ஒளி குறையும் என்பதால் காமிராவை முக்காலியில் வைத்து, இரண்டு விநாடி டைமர் போட்டு எடுப்பது நல்லது.

மாட்டுவது எப்படி?

பழைய எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே, மேலே எழும்பி இறங்கும் ஒரு கண்ணாடி இருந்தது. அதற்கு இடம் விட்டு லென்ஸ் தள்ளி நின்றது. அந்த இடைவெளி நிக்கான் எஃப் மவுண்ட்டில் 46.5 மி.மீ.; பென்டாக்ஸ் கே, எம் 42 திருகு மவுண்ட் இரண்டிலும் 45.46 மி.மீ.; கேனன் இ.எஃப். மவுண்ட்டில் 44 மி.மீ. மிரர்லெஸ் காமிராவில் அந்தக் கண்ணாடி இல்லை. எனவே இடைவெளி சோனி இ மவுண்ட்டில் 18 மி.மீ., ஃபியூஜி எக்ஸில் 17.7, கேனன் ஆர்.எஃப். இல் 20, நிக்கான் இசட்டில் 16 மி.மீ. ஆகச் சுருங்கிவிட்டது.

குறையும் இடைவெளியை நிரப்பும் உலோக வளையம்தான் அடாப்டர். நிக்கான் எஃப் லென்ஸைச் சோனியில் மாட்ட 46.5-இல் 18 கழித்து, 28.5 மி.மீ. கனமுள்ள வளையம் வேண்டும். அதற்குள் கண்ணாடி எதுவும் இல்லை. ஆகவே சரியாகக் கடைந்த வளையத்தால் படத்தின் தரம் குறையாது. வளையம் தேவைக்கு மேல் கனமாக இருந்தால் மட்டும் தூரத்துப் பொருள்கள் ஃபோகஸ் ஆகாது.

எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள்

1. கேனன் இ.எஃப். லென்ஸ்கள் 1987 முதல் வந்தவை. இவற்றில் அப்பர்ச்சர் மின்சாரத்தால் இயங்குகிறது. மலிவான வெற்று வளையத்தில் மாட்டினால் அப்பர்ச்சர் முழுவதும் திறந்தே நிற்கும். மின் தொடர்பு உள்ள அடாப்டர்தான் வேண்டும்; அதன் விலை வெற்று வளையத்தைப்போல் பல மடங்கு. அதற்கு முந்தைய எஃப்.டி. லென்ஸ்களில் அப்பர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருப்பதால் அந்த மவுண்ட்டுக்கான எளிய அடாப்டர் போதும்.

2. நிக்கான் ஜி வகை லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் கிடையாது. வெற்று வளையம் வாங்குவதானால், அப்பர்ச்சரைத் திருப்ப வசதியுள்ள அடாப்டரைக் கேட்டு வாங்க வேண்டும். ஏ.எஃப். டி வகை லென்ஸில் மோட்டார் இல்லை. 2018-இல் நிக்கானே வெளியிட்ட எஃப்.டி.இசட். அடாப்டரில் மாட்டினாலும் அது தானாக ஃபோகஸ் ஆகாது. கையால்தான் திருப்ப வேண்டும்.

3. எம் 42 லென்ஸ் சிலவற்றின் பின்னால் ஒரு சிறு முள் இருக்கும். அந்த முள் அழுந்தினால்தான் அப்பர்ச்சர் மூடும். முள்ளை அழுத்தும் விளிம்புள்ள அடாப்டரா என்று பார்த்து வாங்குங்கள்.

4. ஸ்பீட் பூஸ்டர் என்ற பெயரில் கண்ணாடி வைத்த அடாப்டரும் உண்டு. 0.71 மடங்கு உள்ள பூஸ்டரில் 50 மி.மீ. லென்ஸ் 35.5 மி.மீ. லென்ஸாக வேலை செய்யும். ஒளியும் ஒரு படி கூடும். ஆனால் நம் 10 அடிக் கடைக்கு அப்போதும் 15 அடி தள்ளி நிற்க வேண்டியிருக்கும். சரக்குப் படத்துக்கு இந்தச் செலவு தேவையில்லை.

காமிராவில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

வெற்று வளையம் மாட்டினால், லென்ஸ் இருப்பதே காமிராவுக்குத் தெரியாது. மெனுவில், லென்ஸ் இல்லாமலும் படம் எடுக்கலாம் என்ற வசதியை இயக்க வேண்டும். இது தெரியாமல் அடாப்டர் பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. நடுக்கம் தடுக்கும் வசதி காமிராவிலேயே இருந்தால், அதில் லென்ஸின் உண்மையான அளவான 50 என்பதையே பதிய வேண்டும். 75 என்று பதியக் கூடாது. கையில் பிடித்து எடுக்கும்போது மட்டும் ஷட்டர் வேகத்தை விநாடியில் 80-இல் ஒரு பங்குக்குக் குறையாமல் வைப்பது நல்லது. ஃபோகஸ் செய்யும்போது திரையில் லேபிளின் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு, லென்ஸ் வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள்.

பழைய லென்ஸை ஆய்வு செய்தல்

மூட்டையைக் குத்திச் சரக்கைப் பார்க்காமல் நாம் விலை பேசுவதில்லை. லென்ஸையும் அப்படியே பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கைவிளக்கைக் காட்டி மறுபக்கம் பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. ஈரமான நம் கடலோர ஊர்களில் மூடி வைத்த லென்ஸில் இது எளிதில் பிடிக்கும். அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. வளையத்தைத் திருப்பினால் உடனே விரிந்து சுருங்க வேண்டும். ஃபோகஸ் வளையம் இறுகியோ தளர்ந்தோ இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

1960, 70களில் வந்த சில லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் கலந்திருந்தது. காலப்போக்கில் அந்தக் கண்ணாடி மஞ்சளித்துப் போகும். வெள்ளைத் தாளின் மேல் லென்ஸை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்த மஞ்சள் நமக்கு அற்பமான விஷயம் அல்ல. புது அரிசி படத்தில் பழுப்பாகத் தெரியும். வெளிறிய துவரம் பருப்பு நல்ல நிறமாகத் தெரியும். முதலாவது நமக்கு நஷ்டம். இரண்டாவது, வாங்கியவர் சரக்கைப் பிரித்ததும் வரும் தகராறு. எனவே எந்த லென்ஸானாலும், படம் எடுக்கும் அதே வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒயிட் பேலன்ஸ் சரிசெய்துகொண்டு தொடங்குங்கள். முடிந்ததும், காமிராத் திரையில் உள்ள படத்தையும் கையில் உள்ள சரக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மாதிரிக்கும் மூட்டைக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது என்ற பழைய வழக்கம் படத்துக்கும் பொருந்தும்.

யார் வாங்கலாம்?

கிராப் காமிராவும், நல்ல நிலையில் உள்ள பழைய 50 மி.மீ. லென்ஸும் ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் அடாப்டர் மட்டும் வாங்கலாம். சிறு செலவில் நல்ல சரக்குப் படம் கிடைக்கும். காமிரா மட்டும் இருப்பவர்கள், அதே காமிராவுக்கென வரும் 50 மி.மீ. லென்ஸின் விலையையும், பழைய லென்ஸும் அடாப்டரும் சேர்ந்த விலையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வித்தியாசம் சிறிதென்றால், தானாக ஃபோகஸ் ஆகும் புதியதே மேல். கடை நேரத்தில் வளையம் திருப்பிக்கொண்டிருக்க யாருக்கும் பொழுது இராது. இரண்டும் இல்லாதவர்கள் கைப்பேசியையும் ஒரு முக்காலியையும் நல்ல வெளிச்சத்தையும் கொண்டே தொடங்கலாம்.

வாங்கப் போகும்போது உங்கள் காமிராவையும், லேபிள் ஒட்டிய ஒரு பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அங்கேயே மாட்டி, எஃப் 8-இல் அந்தப் பொட்டலத்தையும், தெருக்கோடியில் உள்ள ஒரு பெயர்ப் பலகையையும் எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் எழுத்து தெளிவாக இருந்தால் விலை பேசலாம்.