தறிப்பேச்சும் குழூஉக்குறியும்

தொழிலிடையே நிகழும் பேச்சை வெற்றரட்டை எனத் தள்ளுவார் உளர். அது பொருந்துமா என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

13-ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தியார் நன்னூலில், தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்தினார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் குழூஉக்குறிக்கு உரையாசிரியர் காட்டும் சான்றுகள். பொதுமொழியில் பெயருள்ள பொருளையே இவை வேறு சொல்லால் குறிக்கின்றன.

சம்பந்தர் பாடல் பெற்ற மாகறலை உள்ளிட்ட காஞ்சி வட்டாரத்துப் பட்டுநெசவாளர் பேச்சோ வேறு இயல்பினது. சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து ஒன்றாக இணைப்பதனை அவர் 'கோர்வை' என்பர். இச்சொல் எதனையும் மறைப்பதன்று. பொதுமொழியில் தனிப்பெயர் இல்லாத ஒரு வினைக்குப் பெயரிடுவது. ஆதலின் இதனைக் குழூஉக்குறி என்னாது துறைச்சொல் எனப் பிரித்துரைத்தலே தக்கது என்பது எம் கருத்து.

மரபுவழிக் கோர்வைத் தறியில் நெய்வோர்க்குத் துணையாள் ஒருவர் வேண்டும். ஏவலும் மறுமொழியும், இடையிடையே ஊர்க்கதையும் நகையுமாக அவ்விருவரிடையே செல்லும் பேச்சிலேதான் இச்சொற்கள் பயில்கின்றன. துணையாள் நீங்கிய தறியில் சொல் எஞ்சினும் அதன் ஆட்சி மறையும். எனவே, சொற்பட்டியல் தொகுப்பதோடு அமையாது, அரட்டை எனப்படும் அவ்வுரையாடலையே முழுமையாகப் பதிவு செய்தல் ஆய்வாளர் கடனாகும்.