பழங்கலத்தின் வரலாற்றை அறிவது எவ்வாறு?

1987ஆம் ஆண்டு பெரியபட்டினத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. அவற்றைச் சுமந்து வந்த கலங்கள் எங்கே? பீங்கான் மட்காது; மரம் மட்கிவிடும். ஆதலின், மாணவர்களே, பழைய தோணி ஒன்றன் வரலாற்றை அது நீரில் மிதக்கும்போதே எழுதிவைத்தல் வேண்டும்.

இஃது எளிய செயலன்று. கலம் கைமாறும்போது பெயரும் மாறிவிடும். கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் சூயஸ் கால்வாய் வழியே செலுத்தி, 1938 ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். எத்தகைய ஆண்மை! ஆனால் புதிய பெயரை மட்டும் அறிந்தவன், வேப்பமரத்தால் அதனைக் கட்டிய தமிழ்த் தச்சரை எங்ஙனம் அறிவான்?

பெயர் மாறினும் உடல் எளிதில் மாறுவதில்லை. ஏரா எனப்படும் அடிமரத்தையும், வங்கு எனப்படும் விலாக்கட்டைகளையும் அளந்து பதிவேட்டோடு ஒப்பிடலாம். பழைய தண்டையல் எவரேனும் இருப்பின், அவரைக் கேட்பதே முதல் வேலை. ஏடு காத்திருக்கும், அவர் காத்திரார்.

செப்பனிடும் காலமே இதற்கு உகந்தது. பலகை இடுக்குகளில் உள்ள பழம் பஞ்சைக் களைந்து, எண்ணெயும் குங்கிலியமும் சேர்த்துப் புதுப் பஞ்சு திணிப்பர். இது கலப்பத்து எனப்படும். மட்கிய பலகைகளும் அப்போதுதான் கழற்றப்படும். அவை அடுப்புக்குப் போகுமுன், இன்ன மரம், இன்ன இடத்தில் ஆணி என்று குறித்துக்கொள்ளுங்கள்.