வலியின் வழித்தடங்கள் – 14: மரப்பூசி இறங்கும் இடம்

மலக்குடலின் மேற்பகுதிச் சுவர் ஊசிக் குத்தை வலியாக உணர்வதில்லை என்ற உடற்கூறியல் உண்மையை நம்பியே, அச்சுவரின் வழியாகப் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து திசு எடுக்கும் பயாப்ஸி சோதனை நெடுங்காலம் பெரும்பாலும் மரப்பூசி இல்லாமலேயே செய்யப்பட்டுவந்தது. சுரப்பியின் ஆறு இடங்களிலிருந்து முறைப்படி திசு எடுக்கும் வழியை ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 1989இல் வெளியிட்டனர். அந்த எண்ணிக்கை பின்னர் பத்து, பன்னிரண்டு என உயர்ந்தபோது, பொறுத்துக்கொள்ளுமாறு நோயாளியிடம் சொல்வது மட்டும் போதாமற்போயிற்று.

இச்சோதனையில் எழும் வலி ஒரே வழியில் வருவதில்லை. விரல் பருமனுள்ள அல்ட்ராசவுண்ட் கருவி நுழைகையில் ஏற்படும் வலி, தோலைப்போலவே கூருணர்வு கொண்ட ஆசனவாய்ப் பகுதியிலிருந்து புடெண்டல் நரம்பின் வழியாகச் செல்கிறது. விசைத் துப்பாக்கியிலிருந்து பாயும் 18 கேஜ் ஊசி சுரப்பியின் மேலுறையைத் துளைக்கையில் தோன்றும் வலியோ, சுரப்பியின் பின்பக்க ஓரங்களில் இரத்தக் குழாய்களோடு சேர்ந்து ஓடும் நரம்புக் கற்றைகளின் வழியாகச் செல்கிறது. ஆசனவாயில் தடவப்படும் லிக்னோகைன் களிம்பு முதல் வலியை ஓரளவு தணித்தாலும் சுரப்பியைச் சென்றடையாததால், இரண்டாவது வலிக்கு அதனால் பெரும்பயன் விளைவதில்லை.

லிக்னோகைன் புதிய மருந்தன்று. 1943இல் சுவீடனில் லோஃப்கிரென், லுண்ட்க்விஸ்ட் ஆகிய வேதியியலாளர்கள் உருவாக்கிய இம்மருந்து, நரம்பிழையின் சோடியம் வாயில்களை அடைத்து வலிச் செய்தி நகராமல் தடுக்கிறது. அதைப் புராஸ்டேட் நரம்புகளின் அருகிலேயே செலுத்தும் முறையை நாஷும் அவருடைய குழுவினரும் 1996இல் விவரித்தனர். அல்ட்ராசவுண்ட் திரையில் சுரப்பியும் விந்துப்பையும் சந்திக்கும் மூலையில், கொழுப்புத் திசு வெண்ணிற முக்கோணமாகத் தெரியும். அதுவே மருத்துவருக்கு இலக்கு. நீண்ட மெல்லிய ஊசியின் முனை அங்கே சேர்ந்ததும், அது இரத்தக் குழாய்க்குள் இல்லை என்பதைச் சற்றுப் பின்னிழுத்து உறுதிசெய்துகொண்டு, ஒரு விழுக்காட்டு லிக்னோகைன் பக்கத்துக்கு ஏறத்தாழ 5 மில்லி செலுத்தப்படுகிறது. மருந்து பரவுவது திரையில் கருநிறத் திட்டாகத் தெரிவதால், அது உரிய இடத்தில்தான் இறங்கியதா என்பதை அப்போதே கண்டுகொள்ளலாம். இரு பக்கமும் சேர்த்து 100 மில்லிகிராம் மருந்தே உடலில் சேர்கிறது. பெரியவர்களுக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் 300 மில்லிகிராம் உச்சவரம்புக்கு இது வெகுவாகக் குறைவு.

மலக்குடல் கிருமிகள் இரத்தத்தில் கலக்கும் ஆபத்தைத் தவிர்க்க, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோலின் வழியாகத் திசு எடுக்கும் முறையை ஐரோப்பியச் சிறுநீரகவியல் சங்கம் இன்று பரிந்துரைக்கிறது. இங்கே ஊசி கூருணர்வுள்ள தோலையே துளைப்பதால், தோலிலும் அதன் அடித்திசுவிலும் முதலில் மருந்து செலுத்திவிட்டு, பிறகே சுரப்பியின் நரம்புகளை மரக்கச்செய்ய வேண்டும். பாதை மாறும்போது மரப்பூசியின் இடமும் மாறுகிறது.

வீரியம் குறைந்த புற்றுநோய்க்கு உடனே சிகிச்சை அளிக்காமல் கண்காணித்துவரும் முறையில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பயாப்ஸியைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. முதல் சோதனையில் வலியால் துடித்தவர் அடுத்ததைத் தட்டிக்கழிக்கக்கூடும். அப்படித் தள்ளிப்போகும் மாதங்களில் நோய் முற்றினால், அது எவர் கண்ணிலும் படாமலே போகும்.

(தொடரும்)