பனிக்கடலில் கழுகைப் படமெடுக்க

ஜப்பானின் வடக்கே, ஹொக்கைடோ தீவில், ராவுசு என்றொரு மீனவ ஊர். பிப்ரவரியில் ஒகோட்ஸ்க் கடலிலிருந்து பனிப்பாளங்கள் மிதந்து வந்து ஊருக்கு எதிரேயுள்ள நீரிணையில் குவியும். அவற்றின் மேல் வந்து அமரும் ஸ்டெல்லர் கடற்கழுகைப் படமெடுக்கப் பல நாட்டவரும் விடியுமுன்னே படகேறுகிறார்கள்.

பெண் கழுகு 9 கிலோ வரை கனக்கும். சிறகை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். கரும்பழுப்பு உடல், தோளிலும் வாலிலும் பளிச்சென்ற வெள்ளை, பெரிய மஞ்சள் அலகு. கம்சட்காவிலும் ஒகோட்ஸ்க் கடலோரத்திலும் கூடு கட்டும் இப்பறவை, குளிர்காலத்தில் தெற்கே இறங்குகிறது. உலகில் மிஞ்சியிருப்பவை சில ஆயிரமே.

இத்தனை பெரிய பறவைக்குக் குளிர் ஒரு பொருட்டா என்று தோன்றலாம். பொருட்டுதான். தின்ற மீன்தான் அதன் உடற்சூடு. பகலோ குறுகியது, இரவு நீண்டது. அந்தக் கனத்தைத் தூக்கிச் சிறகடித்து எழும்புவதற்கு ஏராளமான ஆற்றல் செலவாகும். நாம் நெருங்கிப் போய்க் கிளப்பிவிட்டால் அந்தச் செலவு வீணாகிறது, பாதி தின்ற மீனும் காக்கைக்குப் போய்விடுகிறது. ஆகவே லென்ஸைவிட முதலில் பழக வேண்டியது கழுகின் உடல்மொழி. சிலிர்த்திருந்த இறகுகளை ஒடுக்கிக்கொண்டு, தின்பதை நிறுத்தி, கழுத்தை நீட்டி நம்மையே பார்த்தால் அது கிளம்பத் தயாராகிறது. அங்கேயே நின்றுவிட வேண்டும். மெல்லப் பின்வாங்கினால் இன்னும் நல்லது. சாலையோரத்தில் காரே நல்ல மறைவிடம், கதவைத் திறக்காத வரைக்கும். மாலையில் கழுகுகள் அடையும் மரங்கள் பக்கம் போகவே வேண்டாம்.

படகுகளிலிருந்து மீன் வீசிக் கழுகுகளை வரவழைக்கும் வழக்கம் அங்கே உண்டு. நாம் பார்க்கும் அட்டகாசமான படங்கள் பலவும் அப்படி எடுத்தவைதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. பறவைகள் ஓரிடத்தில் நெருங்கிக் குவிந்தால் பறவைக் காய்ச்சல் போன்ற நோய் எளிதில் தொற்றும். மனிதர் விட்டுச்செல்லும் இரை என்ன செய்யும் என்பதை ஹொக்கைடோ ஏற்கெனவே பார்த்திருக்கிறது: 1990களின் பிற்பகுதியில், வேட்டைக்காரர்கள் விட்டுப்போன மான் உடல்களைத் தின்ற கழுகுகள், அவற்றில் சிதறியிருந்த குண்டுகளின் ஈய நஞ்சால் செத்தன. 2000ஆம் ஆண்டிலிருந்து மான் வேட்டைக்கு ஈயத் துப்பாக்கிக் குண்டுகள் அங்கே தடை செய்யப்பட்டன. தானாக மீன் பிடிக்கும் கழுகின் படம் தொலைவில் சிறிதாக விழுந்தாலும் எனக்கு அதுவே மேல்.

இனி நம் பாதுகாப்பு. விடியலில் வெப்பநிலை மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே போகலாம். ஓடும் படகில் காற்று அதை இன்னும் கொடிதாக்கும். பருத்தி உள்ளாடை வியர்வையில் நனைந்து சூட்டை உறிஞ்சிவிடும்; கம்பளிதான் சரி. மெல்லிய உள்ளுறை, அதன்மேல் தடித்த கையுறை. விரல் வெளுத்து மரத்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். பனிப்பாளம் தரைபோலத் தெரியும், அதில் கால் வைக்கக் கூடாது. கீழேயுள்ள கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரியை ஒட்டியிருக்கும். விழுந்தவர் கைகால் சில நிமிடங்களில் செயலிழக்கும். படகில் உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே கூடாது.

பேட்டரிகளும் குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். மாற்றுப் பேட்டரிகளைச் சட்டையின் உள்பையில் உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். காருக்குள்ளிருந்து படமெடுத்தால் ஹீட்டரை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். ஜன்னல் வழியே வெளியேறும் சூடான காற்று குளிர்காற்றோடு கலந்து கானல்போல் நெளியும், எந்த லென்ஸிலும் படம் கூர்மையாக வராது. கேமராவின் தானியங்கி ஒளி அளவீடு வெண்பனியைச் சாம்பல் நிறமாக்கிப் படத்தை இருட்டாக்கும். அதற்காக ஒளியை அள்ளிக் கூட்டினால் கழுகின் வெள்ளைத் தோள் வெளிறிப்போகும். வெயில் படும் பனியைப் பார்த்து, அதில் நுணுக்கம் கெடாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் கையாலேயே நிர்ணயித்துவிடுவது நல்லது. பிறகு கழுகு கருத்த கடல்நீருக்கு மேல் பறந்தாலும் அளவு மாறாது.

அறைக்குத் திரும்பும்போது கேமராவை வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஐஸ் தண்ணீர் டம்ளர்போல அதன் உள்ளும் புறமும் வியர்க்கும். ஓரிரு மணி நேரம் கழித்தே பையைத் திறக்க வேண்டும். மெமரி கார்டை மட்டும் முன்னதாகவே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால், அதுவரை படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.