பேட்டரி மேல் மட்டும் பழி போடலாமா?



2011 டிசம்பர் 30-இல் தானே புயல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல். ஃபெஞ்சலுக்குப் பிறகு சங்கராபரணியிலும் தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்து, வில்லியனூர், பாகூர் பக்கம் பல இடங்களில் தண்ணீர் புகுந்தது. இந்த மாதிரி நேரத்தில் கரண்ட் போச்சுன்னா நமக்குக் கைகொடுப்பது இன்வெர்ட்டர்தான். ஆனால் அன்றைக்குப் பார்த்து அதுவும் "கீ... கீ..." என்று கத்திவிட்டு நின்றுவிட்டால்? உடனே "பேட்டரி போச்சு, புதுசு வாங்கணும்" என்போம். கொஞ்சம் பொறுங்கள்! சார்ஜரையும் விசாரிக்க வேண்டும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம். பேட்டரியில் சேர்வது 12 வோல்ட் டி.சி. மின்சாரம். கரண்ட் இருக்கும்போது ஏ.சி.யை டி.சி.யாக மாற்றி பேட்டரியில் ஏற்றுவது சார்ஜர். கரண்ட் போனதும் டி.சி.யை ஏ.சி.யாக மாற்றி ஃபேனுக்கும் லைட்டுக்கும் தருவது இன்வெர்ட்டர். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் சார்ஜர் என்று ஒன்று இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. சினிமா ஷூட்டிங்குக்கு வரும் கேரவன் வண்டியில் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவதும் இதே தத்துவம்தான்.

சார்ஜர் எப்படி பேட்டரியைக் கெடுக்கும்?

பசித்தவனுக்குச் சோறு போடுவது மாதிரிதான் இது. முதலில் நிறைய போடலாம். வயிறு நிரம்ப நிரம்பக் குறைக்க வேண்டும். நல்ல சார்ஜர் ஏறக்குறைய 14.4 வோல்ட் வரை ஏற்றும். கொஞ்ச நேரம் அதிலேயே வைத்திருந்து, பேட்டரி நிரம்பியதும் 13.6 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். இதை மூன்று கட்ட சார்ஜர் என்பார்கள்.

கெட்டுப்போன சார்ஜர் இறங்காது. இரவும் பகலும் திணித்துக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜன், ஆக்சிஜனாகப் பிரிந்து போய்விடும். தண்ணீர் குறைந்து ஈயத் தகடுகள் வெளியே தெரிந்தால் பேட்டரி வீண். மாறாக, சில சார்ஜர் அரை வயிறுதான் நிரப்பும். அப்போது தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். இரண்டுமே பேட்டரிக்கு எமன்! சார்ஜரைச் சரிசெய்யாமல் புது பேட்டரி வாங்கினால் அதுவும் அதே வழியில் போகும். ஆயிரக்கணக்கில் பணம் நஷ்டம்.

கண்டுபிடிப்பது எப்படி?

பெரியவர்களை வைத்துக்கொண்டு மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்துப் பாருங்கள். பல மணி நேரம் சார்ஜ் ஏறிய பிறகும் 13 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றாலும், பேட்டரி நிரம்பிய மறுநாளும் 14.4-லிருந்து இறங்கவே இல்லை என்றாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தால் அதுவும் ஓர் அறிகுறி.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

1. பேட்டரிக்கு ஏற்ற அளவு: 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 15 ஆம்பியர் சார்ஜர் போதும்.
2. ஈய பேட்டரிக்கான சார்ஜர் வேறு, லித்தியம் பேட்டரிக்கான சார்ஜர் வேறு. கடையில் கேட்டு வாங்க வேண்டும்.
3. முதலில் மெயினை நிறுத்தி பிளக்கைப் பிடுங்க வேண்டும். கழற்றும்போது கருப்பு ஒயர் முதலில். மாட்டும்போது கருப்பு ஒயர் கடைசியில்.
4. ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் வாயு. பேட்டரி பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி, பீடி கூடவே கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.
5. போர் தண்ணீர் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.

பெட்டியைத் திறப்பது எலக்ட்ரீஷியன் வேலை. பார்ப்பதும் கேட்பதும் நம் வேலை!

உங்களுக்குத் தெரியுமா?

ஈய அமில பேட்டரியை 1859-இல் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே. மறுபடி மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய முதல் பேட்டரி அதுதான்.

புயல் காலம் வருவதற்கு முன்பே, ஐப்பசி பிறக்கும்போதே, ஒருமுறை வீட்டு சார்ஜரைப் பார்த்துவிடுவோம். வருமுன் காப்போம்!